மழையை விலக்கும் நிலம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பேணிய நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், மண்ணிலே கண்டெடுக்கப்பட்ட குழந்தையைத்தான் ஆண்டாள் என்று வைணவ உலகம் வணங்கி வருகிறது. அவளைப் பூமிப்பிராட்டியின் அவதாரம் என்றே குருபரம்பரை நூல்கள் போற்றுகின்றன. அவள் அருளிய திருப்பாவையின் மூன்றாம் பாசுரம், நோன்பினால் நாட்டுக்கு உண்டாகும் பயன்களைச் சொல்லுமிடத்து, மாதம் மும்முறை மழை பொழிய வேண்டும் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அந்த மழையினால் தீமை எதுவும் நேராதிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. அடுத்த பாசுரமோ மழைத் தெய்வத்தையே எதிரே அழைத்து, கடலுட் புகுந்து நீரை முகந்துவந்து உலகம் வாழும்படி பொழியுமாறு வேண்டுகிறது. மார்கழி விடியலில் இப்பாசுரங்களைப் பாடுகிறவர்கள் அனைவரும் அந்த நிபந்தனையையும் சேர்த்தே பாடுகிறார்கள். ஆயினும், மழை பகவானுடைய அனுக்கிரகம் என்றால் அதற்கு நிபந்தனை எதற்கு, அனுக்கிரகத்தினால் ஒருவருக்குத் தீங்கு விளைவது எப்படி என்ற கேள்வியை நம்மில் மிகச் சிலரே நின்று கேட்டிருக்கிறோம்.

அக்கேள்வியைக் கேட்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இவ்விரண்டு ஊர்களைவிடத் தக்க இடம் அரிது. இவ்வூர்களின் மேற்கே சற்றுத் தொலைவிலேயே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலுள்ள கேரளம் பெற்றுக்கொள்ள, மலையின் கிழக்குச் சரிவும் அடிவாரமும் கோடை மழையையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவ மழையையுமே பெரிதும் நம்பி வாழ்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் என்பது இம்மாவட்டத்தின் மழை. அதுவும் மாதம் மும்முறையாக அளந்து பெய்வதில்லை, சில நாட்களில் சில மணி நேரங்களிலேயே பெரும்பகுதியும் கொட்டி முடிந்துவிடுகிறது. ஓர் அங்குல மழை பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தின்மீது விழும் நீரின் எடை ஏறத்தாழ 100 டன் என்பதை நினைவிற் கொண்டால், அந்தச் சில மணி நேரங்களில் சரிந்த நிலம் ஒன்று எதைத் தாங்கவேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

மண்ணை அரித்துச் செல்வது ஓடும் வெள்ளம் என்றே நெடுங்காலம் மனிதர் எண்ணியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான்: செந்நிறமாகக் கலங்கிய ஓடை, வரப்பை உடைத்துக்கொண்டு பாயும் நீர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஏவால்ட் வொல்னி என்பவர் சரிந்த பாத்திகளை அமைத்து, மூடிய மண்ணும் திறந்த மண்ணும் மழையை எவ்வாறு ஏற்கின்றன என்று சோதித்துப் பார்த்தார். 1940-களில் அமெரிக்காவில் எல்லிசன் முதலியோர் இதனைத் தெளிவாக நிறுவினார்கள்: வெள்ளம் உண்டாவதற்கு முன்னரே, துளியின் அடி மண்ணை உடைத்துவிடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெருந்துளி தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. மறைப்பற்ற மண்கட்டியின்மீது அது விழுந்தவுடன் கட்டி சிதறி, அதன் நுண்துகள்கள் நீரோடு மேலெழும்பி, சில சமயம் ஒன்றரை மீட்டர் தூரம் வரையில் தெறித்து விழுகின்றன. சமதளத்தில் எல்லாத் திசையிலும் சமமாகத் தெறிக்கும் இத்துகள்கள், சரிந்த நிலத்தில் மேற்புறம் போவதைவிடக் கீழ்ப்புறமே அதிக தூரம் போகின்றன. ஆகவே ஒவ்வொரு துளியும், நீர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, மண்ணை அணு அணுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது.

இதைவிட ஆழ்ந்து சிந்திக்கவேண்டியது அடுத்து நிகழ்வது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களிற் சென்று படிந்து அவற்றை அடைக்கின்றன. சற்று நேரத்தில் மேற்பரப்பு மெழுகினாற்போல் இறுகிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் மண் அதனை உள்ளே வாங்காது. வாங்கப்படாத நீர் சரிவில் இறங்குகிறது. முதலில் ஏடுபோல் பரந்து, பிறகு சிறு கோடுகளாகத் திரண்டு, கோடுகள் கூடி ஓடையாகி, ஓடை தன் கரையையே தின்று பள்ளமாகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகிறது. அது உருட்டிச் செல்லவல்ல கல்லின் எடையோ ஏறத்தாழ 64 மடங்காகிறது என்பது நீரியலார் பழைய கணக்கு. அடிவார ஓடைகளில் மனிதன் தூக்க முடியாத பாறைகள் கிடப்பதன் காரணம் இதுவே. தாகத்தால் வெடித்துக்கிடந்த நிலம், தான் மாதக்கணக்கில் எதிர்நோக்கியிருந்த மழையைத் தானே விலக்கித் தள்ளிவிட்டு, தள்ளிய அந்த நீராலேயே தன் உடலை இழக்கிறது.

விலக்குதல் என்று சொல்லும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் எந்த சம்பிரதாயத்தில் நிற்கிறதோ அந்தத் தென்கலை சம்பிரதாயத்தின் ஒரு சித்தாந்தம் தவிர்க்கமுடியாதபடி நினைவுக்கு வருகிறது. பிள்ளை லோகாசாரியரும் மணவாள மாமுனிகளும் வகுத்த நெறியில், பகவானுடைய கிருபை நிர்ஹேதுகமானது. ஜீவனுடைய தகுதியையோ முயற்சியையோ விலையாகக் கேட்டு அது வருவதில்லை. ஜீவன் செய்யக்கூடியது, செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வருகின்ற அருளை விலக்காமல் இருத்தல். மழையின் இயல்பும் இத்தகையதே. அது நல்லவன் காடு, தீயவன் காடு என்று பார்த்துப் பெய்வதில்லை, விலை கேட்பதுமில்லை. விலக்காமை உள்ள நிலத்தில் அது ஊற்றாகிறது. விலக்குகின்ற நிலத்தில் அதுவே அரிப்பாகிறது. மழையில் நன்மை வேறு தீமை வேறு என்று இரண்டு இல்லை. இறங்குவது ஒரே நீர்தான்.

இதே மழையை வைத்துத்தான் ஆதிசங்கரரும் ஒரு பெரிய வினாவுக்கு விடை கூறினார். உலகில் ஒருவன் இன்புறவும் ஒருவன் துன்புறவும் காண்கிறோமே, அவ்வாறு படைத்த ஈசுவரன் பட்சபாதமும் இரக்கமின்மையும் உடையவன் ஆகானோ என்ற ஆட்சேபத்தைப் பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் முதற் பாதத்தில் எழுப்பிக்கொண்டு, ஈசுவரன் உயிர்களின் வினையை அபேட்சித்தே படைக்கிறான், ஆதலால் அக்குற்றம் இல்லை என்று மறுக்கிறது. அதற்கு பாஷ்யம் செய்த சங்கரர், நெல்லும் யவமும் முளைப்பதற்கு மழை பொதுக் காரணம், அவற்றின் வேற்றுமைக்கோ அந்தந்த வித்தின் சக்தியே சிறப்புக் காரணம்; அதுபோல ஈசுவரன் பொதுக் காரணம், வினையே வேற்றுமைக்குக் காரணம் என்று காட்டினார். ராமாநுஜரும் வேற்றுமைக்குக் காரணம் வினையே என்பதில் மாறுபடவில்லை. உவமை அழகியது, நூற்றாண்டுகளாக மறுக்கப்படாமல் நிற்பது. ஆயினும் அவ்வுவமையை ராஜபாளையத்து அடிவாரத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அதில் சொல்லப்படாமல் விடப்பட்ட ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. மழைக்கும் வித்துக்கும் இடையே மண் என்று ஒன்று இருக்கிறது. வித்து அவனவனுடையது, மண்ணோ அவ்வாறு ஒருவனுடையதாக மட்டும் இருப்பதில்லை.

மேலே சரிவில் ஒருவன் காட்டை அழிக்கிறான், அல்லது புதரைக் கொளுத்துகிறான், அல்லது தன் புன்செய்யைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுகிறான். ஐப்பசி மழையில் அந்நிலத்தின் மேல்மண் இறங்கி, ஓடை வழியே வந்து, கீழேயுள்ள கண்மாயிற் படிகிறது. கண்மாயின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறைகிறது. மழைக்காலத்தில் அது விரைவில் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து, தை பிறந்ததும் வறண்டுவிடுகிறது. கடைமடையில் நெல் நட்டவன் பயிர் கருகுகிறது. வினை செய்தவன் மேலே இருக்கிறான். அதன் பயனை உண்பவன் கீழே இருக்கிறான். செய்யாத வினையின் பயன் வந்து சேர்வதையும், செய்த வினை பயனின்றி அழிந்துபோவதையும் நம் தரிசனங்கள் இரண்டு பெருங் குற்றங்களாகக் கருதி, அவை நேராதிருக்கவே கர்ம சித்தாந்தத்தை இத்தனை கவனமாகக் கட்டின. அந்த இரண்டு குற்றமும் ஒரே சரிவில், ஒரே மழையில், பிரத்தியட்சமாக நேர்வதுபோல் தோன்றுகிறதே!

இதற்கு எளிதான சமாதானம் ஒன்று உண்டு. அதைச் சொல்லுவோரும் உண்டு. கடைமடைக்காரன் முற்பிறப்பில் ஏதோ செய்திருப்பான், அதனால் இந்த நஷ்டம் அவனுக்கு வாய்த்தது என்பார்கள். இந்தச் சமாதானத்தை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீரென்று பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கச் சென்ற பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் செய்த தீவினை அது என்று வாய்திறந்து கூறுபவன் சாஸ்திரத்தையும் அவமதிக்கிறான், சதுரகிரியானையும் அவமதிக்கிறான். வினைக்கொள்கை ஒருவன் தன் செயலைத் தான் ஆராய்ந்துகொள்வதற்காகத் தரப்பட்டதேயன்றி, பிறருடைய துன்பத்திற்கு விளக்கம் எழுதி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதற்காகத் தரப்பட்டதன்று. மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்: எல்லா வெள்ளத்திற்கும் மனிதனே காரணமல்லன். காடு செறிந்த மலையிலும் பெருமழை பெய்தால் வெள்ளம் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் போன்ற மழையைத் தாங்கும் மண் எங்கும் இல்லை. எனினும், ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையிலேயே மண் போய்க்கொண்டிருப்பதற்கு வானத்தைச் சாட்சிக்கூண்டில் நிறுத்த இயலாது.

அமெரிக்க அறிஞர்களான வால்டர் விஷ்மயர், டுவைட் ஸ்மித் இருவரும் 1965-இல் வெளியிட்ட கணக்கு முறை ஒன்று, மண்ணிழப்பை ஆறு காரணிகளின் பெருக்குத்தொகையாகக் கூறுகிறது: மழையின் வன்மை, மண்ணின் இயல்பு, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, நிலத்தின் மூடாக்கு, மனிதன் மேற்கொள்ளும் பாதுகாப்பு முறை. இவற்றுள் முதலாவது வானத்தின் கையில் உள்ளது. மண்ணின் இயல்பும் சாய்வும் பெரும்பாலும் சிருஷ்டியின் கையில் உள்ளவை. மற்ற மூன்றும் நம்முடையவை. வரப்பும் கல்லணையும் இட்டால் நீண்ட சரிவு குறுஞ்சரிவுகளாகிவிடும். மூடாக்கு என்னும் காரணி ஒன்று மட்டும் செய்யும் வேறுபாட்டைப் பாருங்கள்: ஒன்றுமில்லாத வெற்று உழவு நிலத்திற்கு அதன் மதிப்பு 1 என்றால், கலைக்கப்படாத நல்ல காட்டுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. மழை அதேதான், சரிவு அதேதான், மண்ணும் அதேதான். இழப்பு மட்டும் ஆயிரம் மடங்கு வேறுபடுகிறது. சங்கரர் வித்திலே வைத்த வேற்றுமையின் காரணத்தை இங்கே போர்வையிலே காண்கிறோம்.

அந்தப் போர்வை எது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். உயர்ந்த மரங்களே மண்ணைக் காக்கின்றன என்று பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில், உயர்ந்த மரத்தின் இலைகளில் மழைத்துளிகள் ஒன்றுகூடிப் பெருந்துளிகளாகி, எட்டுப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது மீண்டும் தங்கள் முழு வேகத்தை அநேகமாகப் பெற்றுவிடுகின்றன. அடியில் சருகும் புல்லும் செடியும் இல்லாமல் பெருக்கி வைத்தாற்போல் இருக்கும் தேக்குத் தோப்பில் மண் அரிப்பு வெட்டவெளியைவிடவும் அதிகமாக இருக்கக்கூடும். மண்ணைக் காப்பது காலடியில் மக்கிக்கொண்டிருக்கும் சருகும், தரையோடு தரையாகப் படர்ந்த புல்லும், அவற்றின் கீழே துளையிட்டுக்கொண்டிருக்கும் புழுவுமே. துளியின் அடியை அவை தாம் ஏற்றுக்கொண்டு, நீரை மெல்ல மண்ணுக்குக் கைமாற்றுகின்றன. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் காட்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர் மக்கள் நடந்து செல்லும் தரை இத்தகையது. கோடையில் யாரோ வைக்கும் தீ இரண்டு நாளில் அழிப்பது பெரும்பாலும் மரத்தை அன்று, இந்தச் சருகைத்தான். தீயில் தப்பிய மரங்கள் நிற்கக் கண்டு காடு பிழைத்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம், அடுத்து வரும் மழையோ வெறுந்தரையின்மீது விழுகிறது.

இனி வேதாந்தி ஒருவர் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தையும் பார்க்கவேண்டும். மலை தேய்வதும் சமவெளி உயர்வதும் ஆதிகாலந்தொட்டு நடப்பவை. ராஜபாளையத்தின் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நிற்கும் அடிவார மண்ணே முன்னொரு யுகத்தில் மலையிலிருந்து இறங்கி வந்ததுதானே? வைப்பாறு தன் கிளைகளோடு சாத்தூர் வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவிற் சேர்க்கும் மண்ணும் எங்கேனும் ஒரு நாள் கரையாகும் அன்றோ? சிருஷ்டியும் சம்ஹாரமும் ஒரே கையின் செயல். அதைத் தடுக்க மனிதன் யார்? இது அற்ப ஆட்சேபம் அன்று. அரிப்பே இல்லாதிருந்தால் நன்செய் என்பதே இல்லை. ஆனால் இதற்கு விடை அளவிலே இருக்கிறது. பாறை கரைந்து ஒரு சென்டிமீட்டர் மண்ணாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. இந்திய நிலங்களிலிருந்து ஆண்டுதோறும் போகும் மண்ணை 1983-இல் துருவ நாராயணா, ராம் பாபு ஆகிய ஆய்வாளர்கள் கணித்தபோது, சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல் என்று கண்டார்கள். கனத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்வாறானால் பல நூற்றாண்டு தவத்தின் பலன் பத்தாண்டுகளிற் போய்விடுகிறது. போனவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அணைகளிற் படிகிறது என்றும், பத்தில் மூன்று பங்கு கடலுக்கே சென்றுவிடுகிறது என்றும் அவர்களே கணக்கிட்டார்கள். ஆக்கமும் அழிவும் ஒத்த தாளத்தில் நடக்கும்போது அது ஈசுவர லீலை. அழிவு மட்டும் பன்மடங்கு விரைந்து ஓடும்போது, அந்த விரைவு மனிதன் சேர்த்தது. அதற்கு லீலை என்று பெயரிட்டு ஈசுவரன் தலையில் ஏற்றுவது தர்மமன்று.

அப்படியானால் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடையிலுள்ள இந்தக் கணக்கு எவ்வாறு தீரும்? கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலே கண்ணன் ஒரு சக்கரத்தைக் காட்டுகிறான்: உயிர்கள் உணவிலிருந்தும், உணவு மழையிலிருந்தும், மழை வேள்வியிலிருந்தும், வேள்வி கர்மத்திலிருந்தும் உண்டாகின்றன, இந்தச் சக்கரத்தைச் சுழலச் செய்யாதவன் வீணாக வாழ்கிறான். பெற்றதைத் திருப்பித் தருதல் என்பதே இச்சக்கரத்தின் உயிர். பெறுகிறவன் தராமல் நிறுத்திக்கொண்டால் அவனைத் திருடன் என்றே அந்த அத்தியாயம் சொல்லிவிடுகிறது. மழைக்கும் உணவுக்கும் நடுவே மண்ணை வைத்து இச்சக்கரத்தை நினைத்துப்பார்த்தால், வேள்வி என்பது எதுவாக இருக்கவேண்டும் என்பதில் ஐயம் இராது. நம் முன்னோர் அதைச் செய்துகொண்டும் இருந்தார்கள். கோடையில் கண்மாய் வறண்டதும், அதில் படிந்த கரம்பையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்துப் புன்செய்களில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஊரார் கூடிக் கரையை உயர்த்தி, வரத்துக் கால்வாயைச் செப்பனிட்டு, மடையையும் கலுங்கையும் பழுதுபார்த்தார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மழை கீழே கொண்டுவந்ததை மனிதன் மேலே கொண்டுபோனான்; மேலே செய்த பிழையின் பாரத்தைக் கீழே உள்ளவர்களும் மேலே உள்ளவர்களும் சேர்ந்து சுமந்தார்கள். மண் பொதுவாக இருப்பதனால் வினையும் பொதுவாகிறது. வினை பொதுவானால் பிராயச்சித்தமும் பொதுவாகவே இருக்கவேண்டும் என்பதை அவர்கள் சாஸ்திர விசாரம் செய்யாமலே அறிந்திருந்தார்கள்.

அரசும் தன் பங்கைச் செய்யாமலில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்ததை ஒட்டி, ஜமீன் காடுகள் விரைந்து வெட்டப்படும் அபாயம் எழுந்தபோது, 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் மாகாணத்தின் முதன்மைப் பொறுப்பை ஏற்றவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா என்பதை இவ்வட்டாரத்தார் பெருமையோடு நினைக்கலாம். அடுத்த ஆண்டு மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கினார். நரை அணிலுக்காக 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் என்று காக்கப்படும் அந்தச் சரிவுகளே நம் ஆறுகளின் பிறப்பிடமும் ஆகும்; அங்கே சருகு கிடக்கும் வரையில்தான் அடிவாரத்தில் ஊற்று இருக்கும். ஆனால் சட்டத்தின் எல்லை காட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே, ஆயிரமாயிரம் உடைமையாளர்களின் சரிந்த செவல் நிலங்கள் இருக்கின்றன. அங்கே சட்டம் இல்லை. தர்மம் ஒன்றே காவல்.

ஆகவே, தீங்கு செய்யாத மழை வேண்டும் என்ற பிரார்த்தனை பாதி வானத்தை நோக்கியது, பாதி நம்மை நோக்கியது என்பது என் முடிபு. முதற் பாதியை வருஷந்தோறும் குறைவறப் பாடுகிறோம். அடிவாரத்தில் சரிவான நிலம் வைத்திருக்கும் அன்பர்களிடம், இரண்டாம் பாதியின் பொருட்டு நான் கேட்பது இவ்வளவே: சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், அறுத்த தாளையும் உதிர்ந்த சருகையும் கொளுத்தாமல் நிலத்திலேயே விடுங்கள், புரட்டாசி முடிவதற்குள் வரப்புகளின் உடைப்புகளை மூடி உயர்த்தி, நீர் இறங்கும் வாய்களில் கல்லடுக்குங்கள், சித்திரை வைகாசியில் உங்கள் ஊர்க் கண்மாயிலுள்ள கரம்பையை முறைப்படி அனுமதி பெற்று எடுத்து, அது எந்தச் சரிவிலிருந்து இறங்கி வந்ததோ அந்தச் சரிவிலேயே கொண்டுபோய்ச் சேருங்கள்.